கிருத்திகைக்கு விடுமுறை விட்ட பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடங்களை எப்படிச் சீர்திருத்துவது என்று யாராவது என்னிடம் கேட்டால் இப்போதெல்லாம் முதலில் களைப்புத்தான் வருகிறது. கேட்பவர்கள் நல்லவர்கள். கூட்டம் போடுகிறார்கள், மேடையில் நாற்காலி தருகிறார்கள், மாலை போடுகிறார்கள். பேச எழுந்தால் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் நடந்ததைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அதை மேடையில் சொல்ல முடியாது. நீளம். ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தாரண வருஷம். இங்கிலீஷ் கணக்கில் 1944 ஏப்ரல் நடுவிலிருந்து 1945 ஏப்ரல் நடு வரைக்கும். எதையும் இரண்டு கணக்கிலும் எழுதுவது என் பழக்கம். இந்த விஷயத்துக்கு அது அவசியமும் கூட. திருத்தணியில் பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மாதத்தில் நடந்தது; ஊர் பஞ்சாங்கத்தில் நடந்தது. இரண்டும் ஒரே தெருவில்தான் இருந்தன.

கிருத்திகை மாதம் ஒருமுறை வரும். அன்று மலைக்கு வருகிற கூட்டத்துக்கு ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் வேண்டும். காவடிக்குப் பூக் கட்ட, மொட்டையடிக்கிற இடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்ற, மொட்டைத் தலைக்குச் சந்தனம் அரைத்துப் பூச, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேற, செருப்புக்குக் காவல் இருக்க. கூலிக்குப் போகிற வீடுகளில் அன்றைய வரும்படியை நம்பி அடுத்த சில நாட்கள் ஓடும். சொந்த நிலம் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலும் பையனை அனுப்ப மாட்டார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். மாட்டை யார் பார்ப்பது?

எங்கள் பள்ளிக்கூடம் மூன்றாம் பாரம், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு, வரைக்கும் இருந்த மிடில் ஸ்கூல். ஒரு கமிட்டி நடத்தியது. நான் அதில் உதவியாசிரியர். சரித்திரமும் பூகோளமும் என் பொறுப்பு. மூன்றாம் பாரம் தேறினவர்கள் மேலே படிக்க வேண்டுமானால் அரக்கோணத்துக்கு ரயிலேற வேண்டும். சில பையன்கள் ஏறினார்கள். பெண்பிள்ளை ஒருத்தியும் ஏறியதில்லை. யுத்தகாலத்து ரயிலில் ஆண்களே கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். உள்ளூரிலேயே நாலாம் பாரம் திறந்து, வருஷத்துக்கொன்றாக ஸ்கூல் பைனல் வரை கொண்டுபோகலாம், ஆனால் அதற்குச் சர்க்கார் அங்கீகாரம் வேண்டும். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ஜில்லா கல்வி அதிகாரி சித்தூரிலிருந்து வந்து பார்த்து, பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள், இந்த எண்ணிக்கை நிலைக்கும் என்று எழுதினால்தான் அது கிடைக்கும்.

1944 ஜூனில் புதுத் தலைமையாசிரியர் வந்து சேர்ந்தார். சித்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் போர்டு பள்ளிக்கூடத்தில் அவருக்கு நிரந்தர வேலை இருந்தது. அங்கே ஒரு வருஷ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாம் பாரம் வந்துவிடும் என்று எங்கள் கமிட்டி பிரசிடெண்ட் கொடுத்த வாக்கை நம்பிக் குடும்பத்தோடு வந்தார். வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் பழைய இடம் போய்விடும். அவருடைய ஒரே பெண் மூன்றாம் பாரத்தில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள், மழை விடுவதற்காக ஆபீஸ் அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார்.

"ஹெட்மாஸ்டராகணும்னு நான் இங்க வரலை சார். என் பொண்ணு உள்ளூர்லயே ஸ்கூல் பைனல் முடிச்சுடணும். அவ்வளவுதான். ரயில்ல அனுப்ப எனக்குத் தைரியமில்லை. ஹாஸ்டல்ல விடச் சம்பளம் போதாது."

மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் தலையைத் தூக்காமல், "எனக்குத் தைரியம் இருக்குதுப்பா" என்றாள்.

"உனக்கு இருக்கும். உங்கம்மாவுக்கு?" என்றார் அவர். அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல் பள்ளிக்கூடமே யாத்திரீகர்கள் தங்கும் இடமானது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஆவணிக் கிருத்திகையன்று காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தார். பெஞ்சுகள் காலி. மறுநாளும் போய்ப் பார்த்தார். அன்றும் பாதிதான். அதற்கடுத்த நாளும் சிலரைக் காணோம். ஏன் என்று என்னைக் கேட்டார்.

"கிருத்திகைக்கு வராதவங்களை மறுநாள் பெஞ்சு மேல ஏத்தி நிக்கவைக்கிறது இங்க வழக்கம். அதுக்குப் பயந்து மறுநாளும் வரமாட்டாங்க. அப்புறம் ரெண்டு நாள் வராததுக்குப் பயந்து மூணாம் நாளும்" என்றேன். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். யாரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. கிருத்திகை எடுத்துக்கொண்டது ஒரு நாள். மீதியை நாங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

புரட்டாசியில் கமிட்டி கூடியபோது அவர் தம் யோசனையைச் சொன்னார். கிருத்திகையன்று விடுமுறை, அதற்குப் பதிலாக அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலை. மறுநாள் யாரையும் பெஞ்சு மேல் ஏற்றக்கூடாது. பிரசிடெண்ட் நிலபுலமுள்ளவர், நல்ல மனம், சத்தம் கொஞ்சம் அதிகம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா ஹெட்மாஸ்டர், இப்ப கிருத்திகைக்கு லீவு. நாளைக்கு எங்க வூட்டு எருமை கன்னு போட்டா அதுக்கும் லீவா?"

"எருமை மாசாமாசம் கன்னு போட்டா அதுக்கும் விடலாங்க" என்றார் தலைமையாசிரியர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரசிடெண்டும் சிரித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியதற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். யோசனையின் நியாயம் அங்கே யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

நாட்களைக் குறித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நட்சத்திரம் சில மாதம் இரண்டு நாளில் பரவி நிற்கும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் வேறுபடும். கோயிலில் எந்த நாளைக் கொள்கிறார்கள் என்று போய்க் கேட்டு எழுதிக் கரும்பலகையில் போட்டேன். சனிக்கிழமை போனதில் உதவியாசிரியர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் நஷ்டம்தான். சனிக்கிழமை வண்டியேறிச் சென்னைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிவிட்டு ஞாயிறு திரும்புகிறவன் நான்.

ஆனால் கார்த்திகை மாதத்துக்குள் மாறுதல் கண்ணுக்குத் தெரிந்தது. கிருத்திகைக்கு மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். தொண்டை கட்டி, தூங்கி விழுந்துகொண்டு, விரலிடுக்கில் சந்தனத்தோடு வந்தார்கள். முதல் மணி நேரம் யாருக்கும் பாடம் ஏறாது. தலைமையாசிரியர் அந்த ஒரு மணிக்கு மட்டும் எல்லா வகுப்பிலும் எழுத்துவேலை கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வழக்கமான பள்ளிக்கூடம். பெரிய காரியம் எதுவும் நடந்துவிடவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்தார்கள்.

மார்கழியில் தாக்கீது வந்தது. கல்வி அதிகாரி நாலாம் பாரம் அங்கீகாரத்துக்காகப் பார்வையிட வருகிறார். நாள் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். தைக் கிருத்திகை.

எனக்கு ஆச்சரியமில்லை. திருத்தணிக்கு வருகிற எந்த அதிகாரியும் கிருத்திகையாகப் பார்த்துத்தான் வருவார். வீட்டில் ஏதாவது வேண்டுதல் இருக்கும். பயணப்படியில் அதுவும் முடியும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டு வேறெப்படி எதிர்பார்ப்பது? அதற்கென்று ஊரில் ஒரு வழக்கமும் இருந்தது. பார்வை நாளன்று பிரசிடெண்டின் கணக்கப்பிள்ளை தெருவில், சத்திரத்தில், குளக்கரையில் கிடைக்கிற பிள்ளைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து பெஞ்சுகளை நிரப்புவார். அதிகாரி தரிசனத்துக்குப் போகிற அவசரத்தில் தலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விடுவார்.

தலைமையாசிரியர் சித்தூருக்கு எழுதினார். அன்று எங்களுக்கு விடுமுறை, காரணம் இது, தயவுசெய்து முன்னோ பின்னோ ஒரு நாள் வர வேண்டும் என்று. பதில் இல்லை. இன்னொரு முறை எழுதினார். அதற்கும் இல்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம் ஆபீஸ் அறையில் நாலு பேர் இருந்தோம்: பிரசிடெண்ட், கணக்கப்பிள்ளை, தலைமையாசிரியர், நான். அதிகாரி அன்று சாயங்கால வண்டியில் குடும்பத்தோடு வருகிறார் என்று செய்தி வந்திருந்தது.

"ஆபீசர் வர்ற அன்னிக்கு ஸ்கூல் பூட்டிக் கெடந்தா இன்னா நெனைப்பாரு?" என்றார் பிரசிடெண்ட்.

"விடுமுறைன்னு எழுதியிருக்கேனுங்களே."

"பதில் வந்துச்சா?"

"வரலை."

"அப்ப ஒத்துக்கலைன்னு அர்த்தம்."

"படிக்கலைன்னும் இருக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

கணக்கப்பிள்ளை குறுக்கே வந்தார். "ரெண்டுல எதுவா இருந்தாலும் சரிங்க. பெஞ்சுல பசங்க குந்திகினு இருந்தா ஆபீசருக்கு ஒரு சந்தோசம். அத்தை நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா இருங்க, போதும்."

தலைமையாசிரியர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு வெளியே அவருடைய பெண் கிணற்றடியில் ஸ்லேட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மூணாம் பாரத்துல என் பசங்க மட்டும்தான் உட்காரணும். அஞ்சு பேர் வந்தா அஞ்சு பேர். மத்த வகுப்பு உங்க இஷ்டம்" என்றார்.

"போதும்" என்றார் பிரசிடெண்ட். அவர் அன்றைக்குச் சத்தம் போடவே இல்லை.

மறுநாள் காலையில் மூன்றாம் பாரத்துப் பையன்களைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். செவ்வாயும் கிருத்திகையும் சேர்ந்த நாள். சரவணப்பொய்கைக் கரையில் கால் வைக்க இடமில்லை. மொட்டையடிக்கிற பந்தலருகில் எங்கள் மூன்றாம் பாரத்தில் படிக்கும் கே.ஜி.கண்டிகைப் பையன் ஒருவன் கல்லில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தான். வகுப்பில் ஜியோமிதிக் கணக்கில் அவனும் தலைமையாசிரியர் பெண்ணும்தான் போட்டி.

"சார், நீங்களா?" என்றான். "மொட்டைங்களா சார்? வரிசையில நில்லுங்க."

"கிண்டலை விடு. ஸ்கூலுக்கு வா. ஆபீசர் வந்திருக்கார்."

"இன்னிக்கு லீவு சார்."

"இன்னிக்கு மட்டும் திறந்திருக்குது."

அவன் அரைப்பதை நிறுத்தவில்லை. "லீவுன்னு நீங்கதானே சார் போர்டுல எழுதினீங்க? எங்க நைனாகிட்ட நான் இன்னா சொல்லிகினு இருக்கேன் தெரியுமா? கிருத்திகைக்குக் கிருத்திகை முழு நாளும் வேலைக்கு வரேன், மத்த நாள்ல ஸ்கூலுக்கு அனுப்புன்னு. அதுவும் சரின்னுச்சு. இப்ப இத்தை உட்டுட்டு உங்க பின்னாடி வந்தா, நாளையிலேருந்து ரெண்டும் வேணாம், ஏர் புடிக்க வான்னுடும்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு மொத மணிக்கே வந்துடறேன் சார்" என்றான். "இப்ப கொஞ்சம் நவுருங்க. உங்க பின்னாடி ஆளு நிக்குது."

படியில் இன்னும் சிலரைப் பார்த்தேன். ஒருத்தன் தோளில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிவிட்டு மேலே போனான். சந்தனம் அரைத்தவன் சொன்னதையே மற்றவர்களும் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நாலு பேர் மட்டும் என் முகத்துக்காக இறங்கி வந்தார்கள்.

திரும்பி வந்தபோது முதல் பாரம் நிரம்பியிருந்தது. இரண்டாம் பாரமும். கணக்கப்பிள்ளை ஒரு கூடை பொரி உருண்டையோடு வாசலில் நின்றார். அந்த வருஷம் அவருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கிறது. வரிசையில் நிற்கப் போகிற யாத்திரீகர்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததென்று தாங்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களாம். பெஞ்சு பெஞ்சாகப் புது மொட்டைகள். எல்லாத் தலையிலும் சந்தனம். யார் யார் என்று பெற்ற தாய்க்கே சட்டென்று தெரியாது. என்னை முதல் பாரத்தில் நிற்கச் சொன்னார்கள். இந்தியாவின் நதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன். பின்பெஞ்சில் ஒருவன் பொரி உருண்டையைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்கு மேல் அதிகாரி வந்தார். நடுத்தர வயது, நெற்றியில் விபூதி, தரிசனம் முடித்த களைப்பு. பிரசிடெண்ட் முன்னால், கணக்கப்பிள்ளை பின்னால். அவர் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார். மூன்றாவது பெஞ்சருகில் நின்றார். ஒன்பது பத்து வயது மொட்டைப் பையன் ஒருவன் அங்கே கையை மடக்கி வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பையன் எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கப்பிள்ளை சொன்னார். "பொதட்டூர்பேட்டைங்க. நெசவுக்காரங்க வூட்டுப் பையன். இங்க அவங்க அக்கா வூட்ல, பாவாகிட்ட தங்கிப் படிச்சிகினு இருக்கான். ரொம்ப சூட்டிகை."

"தினமும் வரானா?"

"ஒரு நாள் தவறமாட்டான்."

"அப்பா எப்படி?"

"தங்கமான மனுசங்க. லுங்கி நெய்யறாரு. ஒரு வம்பு தும்புக்குப் போவமாட்டாரு."

"அப்படியா" என்றார் அதிகாரி. "கேக்கச் சந்தோஷமா இருக்கு."

பையன் அதுவரை அடக்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "நைனா, எழுந்து போனா ரெண்டாவது உருண்டை தரமாட்டாங்களாம். போலாமா, இருக்கட்டுமா?" என்று அதிகாரியைக் கேட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் ரயிலடிக்குப் போய் அதிகாரி குடும்பத்தை வரவேற்றவர் கணக்கப்பிள்ளைதான். அப்போது பையனுக்கு வேண்டுதல் முடி தோளுக்குக் கீழே தொங்கியதாம். ஜடை பின்னிப் பூ வைத்திருந்தார்களாம். அந்த முடி காலையில் குளக்கரையில் போய்விட்டது. பிறகு அவன் சத்திரத்து வாசலில் நின்றான், பொரி உருண்டையைப் பார்த்தான், வந்து உட்கார்ந்துவிட்டான். இவ்வளவையும் பின்னால் சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்த நிமிஷத்தில் பிரசிடெண்ட் சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு. வாங்கிக்கிட்டு வா" என்று பையனிடம் சொல்லிவிட்டு அதிகாரி மூன்றாம் பாரத்துக்குப் போனார்.

அங்கே என்னோடு இறங்கி வந்த நாலு பையன்களும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். அதிகாரி அவளிடம் ஒரு கணக்கைக் கேட்டார். கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். மற்றவர்கள் எங்கே என்று தலைமையாசிரியரைக் கேட்டார். "மலையில் இருக்காங்க. இன்னிக்கு எங்களுக்கு விடுமுறை" என்றார் அவர்.

பிறகு ஆபீஸ் அறையில் அதிகாரி உட்கார்ந்தார். வருகைப் பதிவை எடுத்து வர என்னைக் கூப்பிட்டதால் நானும் அங்கே இருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க ரெண்டு கடிதமும் கிடைச்சுது. பதில் எழுத நேரமில்லாம போச்சு. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்னுதான் இருந்தேன். நாளைக்கு ராத்திரி வண்டிக்குத்தானே திரும்பறேன். காலையில உங்க பிரசிடெண்ட் மாலையோட வந்து, பள்ளிக்கூடம் திறந்திருக்குது, வாங்கன்னார்."

தலைமையாசிரியர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுமுறைன்னா விடுமுறை. பூட்டியிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்கமாட்டேன். ஏன் திறந்தீங்க?"

"நாளைக்கு வாங்க. தினமும் வர்றவங்களைப் பாருங்க" என்று மட்டும் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார்.

"வரேன்" என்றார் அதிகாரி. வந்தார்.

புதன்கிழமை பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உண்மையான பிள்ளைகள், அவரவர் பெஞ்சில். பாதிப்பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தலைமையாசிரியர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அதிகாரி ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்துவிட்டு மூன்றாம் பாரத்துக்கு வந்து, கண்டிகைப் பையனை எழுப்பி ஜியோமிதியில் கேட்டார். சரியாகச் சொன்னான்.

"விரலெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

"சந்தனம் சார். உங்க பையனுக்கும் நான்தான் பூசினேன். ஆடிகினே இருந்தான், கண்ல பட்டுடுச்சு. இப்ப சரியாயிடுச்சா சார்?"

வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

தாழ்வாரத்தில் வந்து நின்று அவர் தலைமையாசிரியரிடம் சொன்னார். "பையன் கெட்டிக்காரன். உங்க யோசனையும் தப்பில்லை. ஆனா நேத்தும் பெஞ்சு நிறைஞ்சுதான் இருந்தது."

"இவங்க வேற சார். பேர் கூப்பிட்டுப் பாருங்க."

"வருகைப் பதிவைப் பார்த்தேன். நேத்துத் தேதிக்கும் முதல் பாரத்துல எல்லாருக்கும் ஆஜர் போட்டிருக்கு. நீங்க போடலை, தெரியுது, கையெழுத்து வேற. அப்ப மத்த நாளுக்கு யார் போட்டாங்கன்னு நான் எதை வெச்சு எழுதறது? எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்கார்."

ஆஜர் போட்டது கணக்கப்பிள்ளை. எப்போதும் செய்கிற வேலை என்று செய்திருக்கிறார். பிள்ளைகளைக் கொண்டுவந்தவரே ஆஜரும் போட்டுவிடுவதுதான் அந்த வழக்கத்தின் முறை.

பங்குனியில், அதாவது 1945 மார்ச்சில், சித்தூரிலிருந்து கடிதம் வந்தது. வருகை நம்பத்தக்கதாக இல்லை. நாலாம் பாரம் அங்கீகாரம் இப்போதைக்கில்லை. இரண்டு வருஷம் கவனித்த பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். கமிட்டி கூடியது. இம்முறை எருமைப் பேச்சு எழவில்லை. கிருத்திகை விடுமுறையால்தான் இவ்வளவும் வந்தது, அதை ரத்து செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள்.

"உங்க மேல தப்பு சொல்லல ஹெட்மாஸ்டர்" என்றார் பிரசிடெண்ட். "நீங்க நல்லதுன்னுதான் செஞ்சீங்க. ஆனா ஊர்ல ஒரு வழக்கம் இருக்கும்போது அதுல கை வெச்சா இப்படித்தான் ஆவும்."

தலைமையாசிரியர் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம். விடுமுறை கெடுக்கவில்லை, விடுமுறையன்று பள்ளிக்கூடத்தைத் திறந்தது கெடுத்தது என்று அங்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அதற்குத் தெம்பில்லை. திறக்க ஒப்புக்கொண்டவரும் அவர்தானே. பழைய வேலைக்குத் திரும்புவதாகச் சித்தூருக்கு எழுதிப் போட்டார். அந்தக் கிராமத்தில் மூன்றாம் பாரமே கிடையாது.

பரீட்சையில் அந்தப் பெண் முதலாவதாகத் தேறினாள். கண்டிகைப் பையன் இரண்டாவது. தேர்ச்சிப் பட்டியலை ஒட்டிய அன்று அவள் என்னிடம் வந்தாள்.

"சார், நான் மூணாம் பாரத்துலயே இன்னும் ரெண்டு வருஷம் உட்காரலாமா? அதுக்குள்ள நாலாம் பாரம் வந்துடும் இல்லையா?"

"தேறினவங்களை மறுபடி அதே வகுப்புல சேர்க்க விதி கிடையாதும்மா."

"நான் தேறலைன்னு எழுதிட்டா?"

"உங்கப்பா எழுதுவாரா?"

"எழுதமாட்டார்" என்றாள்.

மே மாதம் அவர்கள் வண்டியேறினார்கள். சாமான் அதிகமில்லை. மத்தியான வண்டி தாமதம், வெயிலில் நின்றோம். யுத்தம் முடியப்போகிறதாம், நூல் வரத்துச் சரியானால் பொதட்டூர்பேட்டையில் தறி மறுபடி ஓடும், அப்போது அங்கிருந்து வருகிற பிள்ளைகள் படிப்பை விட்டு நின்றுவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் ஏதோ சொன்னார். அந்த நேரத்திலும் அவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வண்டி வந்து கூட்டத்தில் இடம் பிடித்து ஏறிய பிறகு, அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அடுத்த கிருத்திகைக்கு லீவு இல்லையா சார்?"

"இல்லையாம்."

"அப்ப மறுநாளும் யாரும் வரமாட்டாங்களே."

வண்டி நகர்ந்தது.

அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அந்த வருஷம் ஐப்பசியில். நாலாம் பாரத்து ஜியோமிதியை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். நான் பதில் போட்டேன். அதன் பிறகு கடிதம் இல்லை.

நாலாம் பாரம் வந்தது. சர்வஜித் வருஷம், 1947 ஜூன். வேறொரு அதிகாரி, அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை போலிருக்கிறது, கிருத்திகை இல்லாத ஒரு சாதாரண வியாழக்கிழமையில் வந்து, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். முதல் நாள் பேர் கூப்பிட்டவன் நான். அத்தனை பேரும் பையன்கள். கண்டிகைப் பையன் அதில் இல்லை. அவனை அதற்கு முன்பே ஏர் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த மாதக் கிருத்திகையன்று நாலாம் பாரத்தில் ஆறு பேர் இருந்தார்கள். பிரசிடெண்ட் புது வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் நின்று, "இன்னா சார், இவ்ளோதானா?" என்றார்.

"மத்தவங்க மலையில இருக்காங்க" என்றேன்.

மறுநாள் வந்தவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட மற்றவர்கள் அதற்கு மறுநாளும் வரவில்லை.